நூறில் ஐந்து புள்ளி: பள்ளி டென்னிஸ் அணிக்குத் தயாராகும் பிள்ளைக்கான அறிவியல்

டென்னிஸின் புள்ளிக் கணக்கு இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையிலுள்ள சிறு வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் தன்மை கொண்டது. ஒரு கேமை வெல்லக் குறைந்தது நான்கு புள்ளிகளும், எதிராளியைவிட இரண்டு புள்ளி முன்னிலையும் தேவை. அத்தகைய கேம்கள் ஆறேனும் சேர்ந்தால்தான் ஒரு செட். ஒவ்வொரு புள்ளியிலும் இருவருக்கும் சரிபாதி வாய்ப்பு இருந்தால் கேமும் சரிபாதி வாய்ப்பிலேயே முடியும். ஆனால் நூறு புள்ளிகளில் 55-ஐ வெல்லக்கூடியவர் நூறு கேம்களில் ஏறத்தாழ 62-ஐயும், 60-ஐ வெல்லக்கூடியவர் ஏறத்தாழ 74-ஐயும் வெல்வார் என்று நிகழ்தகவுக் கணிதம் காட்டுகிறது. கேம்கள் செட்டாகத் திரளும்போது இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. ஆகவே ஒரே தரத்தில் உள்ள இரண்டு பிள்ளைகளுள் ஒருவர் நூறில் ஐந்து புள்ளியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டாலே, பள்ளி அணித் தேர்வைப் பார்க்கும் உடற்கல்வி ஆசிரியரின் கண்ணுக்கு அவர் தெளிவாக மேம்பட்டவராகத் தெரிவார்.

பள்ளி நிலை ஆட்டங்களில் பெரும்பாலான புள்ளிகள் எதிராளியால் எட்டவே முடியாத அற்புதமான அடிகளால் முடிவதில்லை. பந்து வலையில் மோதுவதாலும், கோட்டைத் தாண்டி விழுவதாலும், சர்வீஸ் இரண்டு முறையும் தவறுவதாலும் முடிகின்றன. தேவைப்படும் ஐந்து புள்ளி இந்தத் தவறுகளுக்குள்தான் இருக்கிறது. புதிய அடிகளைக் கற்றுச் சேர்ப்பதைவிட, இருக்கும் தவறுகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று கண்டு குறைப்பதும், அந்த உழைப்பை வளரும் உடல் தாங்கும் அளவுக்குள் வைத்திருப்பதுமே பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி என்பதைப் பந்தின் இயற்பியலும் கற்றலின் உளவியலும் குழந்தை மருத்துவமும் ஒருசேர உணர்த்துகின்றன.

தமிழ்நாட்டு டென்னிஸ் மரபும் இதற்குச் சான்றாக நிற்கிறது. தம் தந்தை டி.கே. ராமநாதனிடம் ஆட்டம் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, அவ்வெற்றியைப் பெற்ற முதல் ஆசியர் ஆனார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் ஆகிய இரண்டு இளையோர் பட்டங்களையும் வென்றார். தந்தையும் மகனும் வேகமான சர்வீஸுக்காகப் பெயர் பெற்றவர்கள் அல்லர். பந்தை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கும் நுட்பத்துக்காகவே இருவரும் நினைவுகூரப்படுகிறார்கள். கொங்கு நாட்டிலிருந்து அண்மையில் எழுந்த பெயர் கோயம்புத்தூரைச் சேர்ந்த மாயா ராஜேஷ்வரன் ரேவதி. அவர் 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த உலக மகளிர் டென்னிஸ் சங்கத்தின் 125 நிலைப் போட்டியில் பதினைந்து வயதில் அரையிறுதியை எட்டினார். இத்தகைய உயரங்களை எல்லாப் பிள்ளைகளும் குறி வைக்க வேண்டியதில்லை; மேட்டுப்பாளையத்தில் படிக்கும் ஒரு மாணவருக்குப் பள்ளி அணியில் ஓர் இடம் என்பதே போதுமான, எட்டக்கூடிய இலக்கு.

அந்த இலக்கின் கால எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் விளையாட்டுப் போட்டிகள் குறுமையம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்ற படிகளில் ஏறுபவை. அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 14, 17, 19 ஆகிய வயதுகளுக்கு உட்பட்டோர் என்ற பிரிவுகளில் தேசியப் போட்டிகளை நடத்துகிறது. கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதால் பள்ளிகள் பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்திலேயே அணிகளை அமைத்துவிடுகின்றன. ஆகையால் தேர்வுக்கான உண்மையான தயாரிப்பு முந்தைய கல்வியாண்டின் பிற்பாதியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். கோடை விடுமுறையை மட்டும் நம்பியிருப்பதில் உள்ள ஆபத்து பின்னர் விளக்கப்படும்.

மட்டையும் பந்தும்

தவறுகளின் முதல் மூலம் கருவி. வளர்கிற பிள்ளைதானே என்று ஓரளவு பெரிதாக வாங்கும் வழக்கம் சட்டைக்குப் பொருந்தும், மட்டைக்குப் பொருந்தாது. பெரியவர்களின் மட்டை 27 அங்குல நீளமுடையது. சிறுவர் மட்டைகள் ஏறத்தாழ 17 அங்குலத்திலிருந்து 26 அங்குலம் வரை பல அளவுகளில் கிடைக்கின்றன. ஒரு பொருளைச் சுழற்றுவதற்கு அது காட்டும் எதிர்ப்பை இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்பர். எடை கையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அந்தத் தொலைவின் இருமடிக்கு ஏற்ப இந்த எதிர்ப்பு வளர்வதால், இரண்டு அங்குல நீளம் கூடியதும் மட்டை தோற்றத்தில் தெரிவதைவிட அதிகமாகக் கனக்கிறது. கனத்த மட்டையைச் சுழற்றும் சிறுகை பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறது, அதை ஈடுகட்ட மணிக்கட்டை மடக்குகிறது, அந்த மடக்கே நாளடைவில் பழக்கமாகிவிடுகிறது. பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 25 அல்லது 26 அங்குல மட்டை பெரும்பாலும் பொருந்தும் என்றாலும், கையின் நீளத்தையும் வலிமையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பந்தும் அவ்வாறே. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தொடக்க நிலையினருக்கெனச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை ஆகிய மூன்று வகைப் பந்துகளை அங்கீகரித்துள்ளது. இவை வழக்கமான மஞ்சள் பந்தைவிட முறையே ஏறத்தாழ 75, 50, 25 விழுக்காடு வேகம் குறைந்தவை. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் இவற்றையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2012-இல் நடைமுறைக்கு வந்தது. மஞ்சள் பந்து பெரியவர்களின் இடுப்பு உயரத்துக்கு எழும்பும்போது அது ஒரு சிறுபிள்ளையின் தோளுக்கோ தலைக்கோ எழும்பிவிடுவதால், பிள்ளை சரியான அசைவைக் கற்பதற்குப் பதிலாகத் தற்காப்பு அசைவையே கற்கிறது. பதினோரு, பன்னிரண்டு வயதில் புதிதாக ஆட்டம் தொடங்குபவர்களுக்கும் முதல் சில மாதங்கள் பச்சைப் பந்து பெரிதும் உதவும்.

மஞ்சள் பந்தின் உள்ளே வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. டப்பாவைத் திறந்த நாள் முதல் அது ரப்பரின் வழியே மெல்லக் கசிகிறது. விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விடப்படும் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். வீட்டில் இதைச் சோதிக்க ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் பந்தை விட்டுப் பார்க்கலாம்; அது பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை என்றால் அதன் உயிர் போய்விட்டது என்று பொருள். சிக்கனத்துக்காக இத்தகைய பந்துகளிலேயே மாதக்கணக்கில் பயிலும் பிள்ளை, தேர்வு நாளில் புதிய பந்து வேறு உயரத்தில் எழும்பும்போது ஒவ்வோர் அடியையும் தாமதமாக அடிக்கும்.

சர்வீஸின் வடிவகணிதம்

எதிராளியின் குறுக்கீடு சிறிதும் இல்லாமல் ஆடப்படும் ஒரே அடி சர்வீஸ். ஆகவே இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளி பறிபோகும் டபுள் ஃபால்ட், முழுக்க முழுக்க ஆட்டக்காரரின் சொந்த இழப்பு. இதன் வேர் எளிய வடிவகணிதத்தில் இருக்கிறது. டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர், கடைசிக் கோடாகிய பேஸ்லைனிலிருந்து வலை 11.885 மீட்டர் தொலைவில், நடுவில் 0.914 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சர்வீஸ் பந்து வலைக்கு அப்பால் 6.40 மீட்டருக்குள் விழுந்தாக வேண்டும். பந்து நேர்கோட்டில் செல்வதாகக் கொண்டால், அது வலையைத் தொடாமல் கட்டத்துக்குள் விழ மட்டை அதைச் சந்திக்கும் உயரம் குறைந்தது 2.6 மீட்டராக இருக்க வேண்டும் என்று ஒத்த முக்கோணங்களின் கணக்கு சொல்கிறது. நின்ற நிலையில் கையையும் மட்டையையும் முழுக்க நீட்டினாலும் பந்தைச் சந்திக்கும் உயரம் உடல் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் என்பதால், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரு மாணவர் பந்தைச் சுமார் 2.25 மீட்டர் உயரத்தில்தான் அடிக்க முடியும். அப்படியானால் தட்டையாகவும் முழு வேகத்திலும் அடிக்கும் சர்வீஸ் அந்த மாணவருக்கு ஏறத்தாழ இயலாத செயல். அவ்வப்போது அது உள்ளே விழுவது தற்செயலே.

வழி இரண்டு. ஒன்று, வேகத்தைக் குறைத்துப் புவியீர்ப்புக்கு வேலை செய்ய நேரம் கொடுப்பது. மற்றொன்று, பந்துக்குச் சுழற்சி கொடுப்பது. மட்டை பந்தின் பின்புறத்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துச் செல்லும்போது பந்தின் மேற்பகுதி முன்னோக்கிச் சுழல்கிறது. அச்சுழற்சி தன்னைச் சுற்றிச் செல்லும் காற்றை மேல்நோக்கித் திருப்புவதால் எதிர்விளைவாகப் பந்து கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. சாய்ந்த மட்டையால் அடிபட்ட பந்து வளைந்து செல்வதை ஐசக் நியூட்டன் 1672-இல் வெளிவந்த தம் ஒளியியல் கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார்; ரேலி பிரபு 1877-இல் டென்னிஸ் பந்தின் ஒழுங்கற்ற பாதையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்; ஜெர்மானிய அறிவியலாளர் மேக்னஸின் பெயரால் இன்று இது மேக்னஸ் விளைவு எனப்படுகிறது. பள்ளி அணிக்குத் தயாராகும் பிள்ளை முதலில் திறம்பெற வேண்டியது இந்தச் சுழற்சியோடு கூடிய இரண்டாம் சர்வீஸைத்தான். அது நம்பத்தக்கதாக இருந்தால்தான் முதல் சர்வீஸை அச்சமின்றி அடிக்க முடியும்.

சர்வீஸின் ஆற்றல் தோளிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. கால்கள் தரையை உந்தும் விசை இடுப்பு, உடற்பகுதி, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று படிப்படியாகக் கைமாறிச் செல்கிறது. இதை இயக்கச் சங்கிலி என்பர். மொத்த ஆற்றலில் ஏறத்தாழ பாதியைக் கால்களும் உடற்பகுதியும் தருவதாக விளையாட்டு மருத்துவ ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. முழங்காலை மடக்காமல் கையாலேயே அடிக்கும் பிள்ளையின் தோள் அந்தப் பாதியையும் சேர்த்துச் சுமப்பதால், அந்தப் பிள்ளையின் சர்வீஸ் மெதுவாகவும் இருக்கிறது, தோள் விரைவில் வலிக்கவும் தொடங்குகிறது.

ஆடிக்காற்றும் மலைக்காற்றும்

ஆட்டம் நடக்கும் ஊரின் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ச் சமவெளிக்குள் பலமாக வீசும் ஆனி, ஆடி மாதங்கள் பள்ளி விளையாட்டுப் பருவத்தோடு ஒன்றுபடுகின்றன. சர்வீஸுக்காக மேலே எறியப்படும் பந்து உச்சத்திலிருந்து ஒரு மீட்டர் இறங்கி மட்டையைச் சந்திக்க ஏறத்தாழ 0.45 நொடி எடுக்கிறது, 30 செ.மீ. மட்டும் இறங்கினால் 0.25 நொடியே போதும். மேலேறும் நேரத்தையும் சேர்த்தால், உயர எறியப்பட்ட பந்து காற்றின் பிடியில் கூடுதல் நேரம் இருந்து இடம் பெயர்ந்துவிடுகிறது. ஆகவே காற்றடிக்கும் நாட்களில் தாழ்வாக எறியும் பழக்கத்தைப் பிள்ளை முன்னதாகவே கற்றிருக்க வேண்டும். காற்று ஓய்ந்த விடியற்காலையில் மட்டும் பயிலும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

மலையேறினால் கணக்கு மீண்டும் மாறுகிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்க, 46 கி.மீ. நீளமுள்ள நீலகிரி மலை ரயில் பாதையின் மறுமுனையான உதகமண்டலம் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குக் காற்றழுத்தம் கணிசமாகக் குறைவு. குளிர் அந்தக் குறைவை ஓரளவு ஈடுகட்டினாலும், காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தே இருக்கும். பந்தைத் தடுக்கும் காற்றின் விசையும், சுழலும் பந்தைக் கீழே இழுக்கும் மேக்னஸ் விசையும் இதே அளவில் குறைவதால், மேட்டுப்பாளையத்தில் கோட்டுக்குள் விழும் அதே அடி உதகையில் கோட்டைத் தாண்டி விழுகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கெனத் தனிவகைப் பந்துகளை டென்னிஸ் விதிகள் அனுமதிப்பது இதனாலேயே. குன்னூரிலோ உதகையிலோ போட்டிக்குச் செல்லும் பிள்ளையை ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகவே அழைத்துச் சென்று, கூடுதல் சுழற்சியோடு சிறிது நேரம் அடித்துப் பழக விடுவது நூறில் சில புள்ளிகளைக் காக்கும்.

பார்ப்பதும் முன்னறிவதும்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் புறப்படும் சர்வீஸ் எதிர்ப்பக்கத்தில் நிற்பவரை அடைய ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்க ஏறத்தாழ 0.2 நொடி போய்விடுகிறது; எஞ்சிய நேரத்தில்தான் நகர்வதும், மட்டையைப் பின்னிழுப்பதும், அடிப்பதும் நடக்க வேண்டும். தேர்ந்தவர்கள் இந்த நெருக்கடியை வேகமான கண்களால் வெல்வதில்லை. 1978-இல் ஜோன்ஸ், மைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சர்வீஸ் போடுபவரின் திரைப்படத்தை மட்டை பந்தைத் தொடும் நேரத்தையொட்டி வெவ்வேறு கணங்களில் நிறுத்தி, பந்து எங்கே விழும் என்று கேட்டபோது, அனுபவம் மிக்கவர்கள் பந்து மட்டையை விட்டு அகலும் முன்பே மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்தனர். எறியப்படும் பந்தின் இடம், தோளின் திருப்பம், மட்டை முகத்தின் சாய்வு ஆகியவற்றிலிருந்து மூளை விடையை முன்கூட்டியே பெற்றுவிடுகிறது.

இந்தத் திறன் மனிதர்களை எதிர்த்து ஆடுவதால் மட்டுமே வளரும். டென்னிஸ் தளங்கள் குறைவாக உள்ள சிற்றூர்களில் சுவரில் அடித்துப் பயில்வது சிறந்த துணை. குறைந்த நேரத்தில் மிகுதியான அடிகளை அது தருகிறது. சுவரில் 0.914 மீட்டர் உயரத்தில் வலைக்கான ஒரு கோடும், அதற்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் இன்னொரு கோடும் வரைந்து, பந்து இரண்டுக்கும் இடையே படும்படி அடிக்கப் பழகினால், வலையில் மோதும் தவறு குறையும். ஆனால் சுவருக்குத் தோளும் இல்லை, கண்ணும் இல்லை. அது எதையும் மறைப்பதும் இல்லை. எனவே வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது, வெவ்வேறு உயரமும் வெவ்வேறு கைப்பழக்கமும் உடைய பிள்ளைகளோடு, இடக்கை ஆட்டக்காரர் கிடைத்தால் அவரோடும், புள்ளிக் கணக்கிட்டு ஆட வேண்டும். பள்ளி அணியில் இரட்டையர் ஆட்டத்துக்கும் இடம் உண்டு என்பதால், வலையருகே நின்று தரையில் விழும் முன்பே பந்தைத் தட்டும் வாலியைப் பழகியவருக்குத் தேர்வில் கூடுதல் வாய்ப்பும் இருக்கிறது.

இதனோடு சேர்த்துக் கற்க வேண்டியது, எதிராளி அடிக்கும் கணத்தில் போடும் சிறு துள்ளல். இரண்டு கால்களும் தரையில் இறங்கும்போது கெண்டைத் தசையும் தொடைத் தசையும் நீண்டு, நீண்ட தசை உடனே சுருங்கும்போது கூடுதல் விசை தருகிறது. நின்ற இடத்திலேயே ஊன்றி நிற்பவரைவிடத் துள்ளி இறங்கியவர் எந்தப் பக்கமும் விரைந்து கிளம்ப முடிகிறது. இதற்குத் தளமோ செலவோ தேவையில்லை, நினைவூட்டல் மட்டுமே தேவை.

பயிற்சியை அடுக்கும் முறை

ஒரே அடியை ஐம்பது முறை தொடர்ந்து அடித்துவிட்டு அடுத்த அடிக்குச் செல்வது பரவலான வழக்கம். ஷீ, மார்கன் என்ற உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்தின் குறையைக் காட்டியது. சில கை அசைவுகளை ஒரு குழு ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுதி தொகுதியாகவும், மற்றொரு குழு மாற்றி மாற்றிக் கலந்தும் பயின்றன. பயிற்சியின்போது தொகுதிக் குழு முன்னணியில் இருந்தாலும், இடைவெளி விட்டுச் சோதித்தபோது கலந்து பயின்ற குழுவே நன்றாக நினைவில் வைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் அசைவை மூளை புதிதாகத் திட்டமிட வேண்டியிருப்பதால் கற்றல் கடினமாகிறது; அந்தக் கடினமே அதை ஆழமாகப் பதியவைக்கிறது. புத்தம்புதிய அடியைப் பிடிபடும் வரை தொகுதியாகப் பயில்வதில் தவறில்லை. ஆனால் அது ஓரளவு கைவந்த பிறகு ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், சர்வீஸ், வாலி ஆகியவற்றைக் கலந்தே பயில வேண்டும். ஆட்டத்தில் ஒரே அடி ஐம்பது முறை தொடர்ந்து வருவதில்லை.

பெற்றோர் இங்கே உணர வேண்டியது, பயிற்சியில் பிள்ளை திணறுவது எப்போதும் தோல்வியின் அறிகுறி அன்று என்பதே. கலந்த பயிற்சியில் பிழைகள் கூடுதலாகத் தெரியும். அதைக் கண்டு பயிற்சியாளரைக் குறைகூறிப் பழைய முறைக்குத் திரும்பச் செய்தால், பார்வைக்கு அழகான, தேர்வு நாளில் உதவாத பயிற்சியே மிஞ்சும்.

வளரும் எலும்பும் வெயிலும் தூக்கமும்

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் உடல் மிக வேகமாக வளர்கிறது. உயரம் கூடும் வேகம் சராசரியாகப் பெண் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண் குழந்தைகளுக்குப் பதினான்கு வயதை ஒட்டியும் உச்சத்தை அடைகிறது. எலும்பின் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் கெட்டிப்படாத குருத்தெலும்பாக இருப்பதாலும், எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் தசைநாரும் ஈடுகொடுக்காமல் இழுபடுவதாலும், குதிகால், முழங்காலின் முன்புறம், தோள், கீழ்முதுகு ஆகிய இடங்களில் வலி தோன்றுகிறது. சர்வீஸில் முதுகைப் பின்னோக்கி மிகையாக வளைப்பதால் கீழ்முதுகு எலும்பில் நுண்விரிசல் ஏற்படுவதும் உண்டு. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியை மருத்துவரிடம் காட்டாமல் தைலத்தோடு நிறுத்திக்கொள்வது தவறு. அமெரிக்க மருத்துவர் நீரு ஜெயந்தியும் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் தம் வயதின் எண்ணிக்கையைவிட அதிக மணி நேரம் முறையான விளையாட்டில் ஈடுபட்ட பிள்ளைகளுக்குக் கடுமையான மிகையுழைப்புக் காயங்கள் கூடுதலாக ஏற்பட்டது தெரியவந்தது. அந்த அளவுகோலின்படி பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது மேல் எல்லை. அது எட்டியாக வேண்டிய இலக்கு அன்று.

இங்குதான் கோடை விடுமுறையின் ஆபத்து தென்படுகிறது. ஆண்டு முழுவதும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளையைப் பள்ளி ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே காலை மூன்று மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று கோடை முகாமில் சேர்ப்பது, எலும்பும் தசைநாரும் பழகிக்கொள்ள நேரம் தராத திடீர்ச் சுமை. அதுவும் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைக் கடக்கும் மாதங்களில் நிகழ்கிறது. பிள்ளைகளின் உடல் எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு அதிகம் என்பதால் சுட்டெரிக்கும் சூழலிலிருந்து அவர்கள் கூடுதல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வியர்வை சுரக்கும் அளவும் பெரியவர்களைவிடக் குறைவு. தை மாதத்திலிருந்தே வாரத்துக்குச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, கோடையில் காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்து மணிக்குப் பின்னரோ ஆடுவது பாதுகாப்பானது. வியர்வையில் வெளியேறும் உப்பில் பெரும்பகுதி சோடியம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே நீண்ட ஆட்டத்துக்குப் பின் உப்பிட்ட நீர்மோர் உடலின் இழப்புக்கு நெருங்கிய ஈடாகும். இளநீர் மட்டும் போதாது.

தூக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே. பகலில் கற்ற அசைவுகளை மூளை உறுதிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும், ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. இரவு ஒன்பது மணி வரை ட்யூஷன், விடியற்காலை ஐந்து மணிக்குப் பயிற்சி, அதற்கிடையே கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ 35 கி.மீ. பேருந்துப் பயணம் என்ற அட்டவணை, தாளில் உழைப்பாகத் தெரிந்தாலும் உடலில் கடனாகவே சேர்கிறது. வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூர்த் தளத்தில் பயிற்சியாளரிடமும், இரண்டு நாள் ஊரிலேயே சுவரிலும், ஒரு நாள் முழு ஓய்விலும் கழிப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலக்கூடிய பங்கீடு.

தேர்வு நாளின் அளவீடு

தேர்வில் உயரமும் வலிமையும் எளிதில் கண்ணைக் கவரும். வயதுப் பிரிவு ஒரு குறிப்பிட்ட தேதியை எல்லையாகக் கொள்வதால், ஒரே பிரிவில் உள்ள இரு பிள்ளைகளுக்கு இடையே ஓராண்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு இருக்கக்கூடும். முன்கூட்டியே பருவமடைந்தவருக்கும் தாமதமாகப் பருவமடைபவருக்கும் இடையே உடல் வளர்ச்சியில் இன்னும் பெரிய இடைவெளி இருக்கும். கனடா நாட்டுப் பனி ஹாக்கியில் எல்லைத் தேதிக்குப் பின் வரும் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதை ராஜர் பார்ன்ஸ்லி 1985-இல் சுட்டிக்காட்டிய பின், இளையோர் டென்னிஸ் உள்ளிட்ட பல விளையாட்டுகளிலும் இதே போக்கு கண்டறியப்பட்டது. உயரம் குறைந்த பிள்ளை இந்த இடைவெளியை வேகத்தால் நிரப்ப முயன்றால் தவறுகளே பெருகும். நம்பத்தக்க இரண்டாம் சர்வீஸ், ஆழமாகத் திருப்பும் பந்து, சோர்வற்ற கால்கள் ஆகியவற்றால்தான் நிரப்ப முடியும்.

இதற்குப் பெற்றோர் செய்யக்கூடிய மிக எளிய அறிவியல் பணி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுவது. ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்திலும் இழந்த புள்ளிகளை டபுள் ஃபால்ட், வலையில் மோதியது, பேஸ்லைனைத் தாண்டியது, பக்கக் கோட்டைத் தாண்டியது, எதிராளியின் நல்ல அடி என்ற ஐந்து பத்திகளில் குறித்துவந்தால், நான்கைந்து ஆட்டங்களுக்குள் ஒரு பத்தி மற்றவற்றைவிட நீண்டிருப்பது தெரியும். அடுத்த மாதப் பயிற்சி அந்தப் பத்தியைச் சுருக்குவதற்கே உரியது. இந்தக் கணக்கைப் பெற்றோர் தம் தீர்ப்பாக முன்வைக்காமல், பிள்ளையையே படித்துப் பார்த்து அடுத்த இலக்கைத் தேர்ந்தெடுக்கச் செய்வது முக்கியம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய உளவியலாளர்கள் வகுத்த கொள்கையின்படி, உள்ளிருந்து எழும் ஊக்கம் மூன்று தேவைகளை நம்பி நிற்கிறது: தானே முடிவெடுக்கும் உரிமை, திறன் வளர்கிறது என்ற உணர்வு, தன்னைச் சார்ந்தவர்களோடு உறவு. தோற்ற ஆட்டத்தைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம் விசாரணை நடத்தினால் மூன்றும் ஒருசேரக் குலைகின்றன.

பதினான்கு வயதுப் பிரிவில் இடம் கிடைக்காத பிள்ளைக்குப் பதினேழு, பத்தொன்பது வயதுப் பிரிவுகள் காத்திருக்கின்றன; அதற்குள் உடல் வளர்ச்சியின் இடைவெளி தானாகவே சுருங்கிவிடும். காயமின்றி, ஆட்டத்தின் மீது வெறுப்பின்றி, தவறுகளைக் குறைக்கும் பழக்கத்தோடு அந்த ஆண்டுகளை அடையும் பிள்ளை அப்போது கூடுதல் உயரத்தையும் வலிமையையும் பெற்றிருக்கும். வலிமையை மட்டும் நம்பி முன்னர் அணியில் நுழைந்தவருக்கோ அந்தப் பழக்கத்தைப் புதிதாகக் கற்க வேண்டிய நிலை ஏற்படும். ஆகவே ஜூன் மாதத் தேர்வின் முடிவு எதுவாயினும், அதற்கு மறுவாரம் நோட்டின் எந்தப் பத்தி இன்னும் நீளமாக இருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பதே அடுத்த ஆண்டுத் தயாரிப்பின் முதல் வேலை.